மாதவிலக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா?

பிரசவமான பெண்ணிடம் கருத்தடை பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் வரும் பதில், "இன்னும் தலைக்கே ஊற்றவில்லையே, அதற்குள் என்ன?" என்பதுதான். தவறு இங்கேதான் தொடங்குகிறது. முதலில் சினைமுட்டை வெளியாகிறது. சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிலக்கு. அந்த முதல் முட்டையே கருவாகிவிட்டால், மாதவிலக்கைப் பார்க்காமலே அடுத்த கர்ப்பம். தாய்ப்பால் கொடுக்காதவருக்குப் பிரசவமான நான்காவது வாரத்திலேயே இது நடக்கலாம்.

"பால் கொடுக்கிறேன், கரு தங்காது" என்பது பாதி உண்மை. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்திருக்கக் கூடாது, மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது, தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுக்கக் கூடாது. மூன்றும் சேர்ந்திருந்தால் 98 சதவீதம் வரை பாதுகாப்பு உண்டு. ஆனால் வேலைக்குத் திரும்பி, பகலில் இரண்டு வேளை புட்டிப்பால் என்று ஆகிவிட்டதா? குழந்தை இரவு முழுக்கப் பாலுக்கு எழாமல் தூங்குகிறதா? வீட்டில் எல்லோருக்கும் நிம்மதிதான். கருத்தடைக்கு மட்டும் தாய்ப்பாலை நம்ப முடியாது. வேறு முறையை அன்றே தொடங்க வேண்டும்.

அடுத்த தவறு மருத்துவமனைகளுடையது. வலியில் துடிக்கும் பெண்ணிடம் படிவத்தை நீட்டி "காப்பர்-டி (கருப்பைக்குள் பொருத்தும் கருத்தடைச் சாதனம்) போடட்டுமா?" என்று கேட்பது ஆலோசனையே இல்லை. கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே நிதானமாகப் பேசியிருக்க வேண்டும். முன்பே முடிவெடுத்திருந்தால் பிரசவம் முடிந்த கையோடு, சிசேரியனாக இருந்தாலும், காப்பர்-டி பொருத்திவிடலாம். 48 மணி நேரம் தாண்டிவிட்டால் பிரசவமாகி நான்கு வாரம் ஆகும்வரை பொறுத்திருக்க வேண்டும். இன்னொன்று, கூட வந்தவர்களைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அந்தப் பெண்ணிடம் தனியாகக் கேளுங்கள். பதில் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

பிரசவத்தோடு பொருத்திய காப்பர்-டி நழுவி விழும் வாய்ப்பு சற்று அதிகம். அதனால் ஆறாவது வாரப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

அலமாரியில் மிச்சமிருக்கும் பழைய கருத்தடை மாத்திரை அட்டையை எடுத்து விழுங்குவது உண்மையிலேயே ஆபத்தானது. இரண்டு ஹார்மோன் கலந்த மாத்திரையைப் பிரசவமான முதல் மூன்று வாரம் யாருமே எடுக்கக் கூடாது. அந்தச் சமயத்தில் இரத்தம் உறையும் ஆபத்து அதிகம். பால் கொடுப்பவர் ஆறு வாரம் வரை தொடவே கூடாது, ஆறு மாதம் வரை தவிர்ப்பது நல்லது. புரோஜெஸ்டின் என்ற ஒரே ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை வேறு. அது பால் கொடுப்பவருக்கும் ஒத்துவரும். ஆகவே மாத்திரை கேட்கும்போது "பால் கொடுக்கிறேன்" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இடைவெளிக் கணக்கிலும் குழப்பம் இருக்கிறது. பிரசவத்துக்கும் அடுத்து கருத்தரிப்பதற்கும் இடையே குறைந்தது 24 மாதம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது, இரண்டு குழந்தைகளுக்கும் வயது வித்தியாசம் ஏறக்குறைய மூன்று வருடம்.

கணவர் வாசெக்டமி (ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சை) செய்துகொண்டால் அன்றே கவலை தீர்ந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. மூன்று மாதம் வரை ஆணுறையோ வேறு முறையோ தேவை; விந்துப் பரிசோதனையில் விந்தணுக்கள் இல்லை என்று தெரிந்த பிறகே அதை விடலாம்.

அப்புறம், கருத்தடை ஊசி போட்ட பிறகு இரத்தப்போக்கு தாறுமாறாவதைப் பார்த்துப் பயந்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். இப்படி ஆகலாம் என்று முன்கூட்டியே சொல்லாதது ஆலோசகரின் குறை. பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம், சரி. ஆனால் அடுத்த முறையைத் தொடங்கிவிட்டு இதை நிறுத்துங்கள்.