ரோம்ல சாப்டுக்கிட்டே நடக்குறது எப்படி

ரோம் போறவங்க கொலோசியம், வாட்டிகன்னு லிஸ்ட் போட்டு ஓடுறாங்க. ஒரு நாளாவது லிஸ்ட்ட ரூம்லயே வச்சிட்டு சும்மா நடங்க.

காலைல காபி பார்ல கவுண்டர்கிட்ட நின்னுக்கிட்டே குடிச்சிருங்க, டேபிள்ல உக்காந்தா பல இடத்துல ரேட் கூட. அப்புறம் கம்போ டி ஃபியோரி மார்க்கெட், ஞாயித்துக்கிழம கிடையாது, அங்க சுத்திட்டு பியாட்சா நவோனா சதுக்கம் வழியா பாந்தியான்ங்கிற பழைய ரோமானியக் கோயில் வரைக்கும் மெதுவா போங்க, எல்லாமே பக்கம் பக்கம்தான். பாதை பூரா கருங்கல்லு, அதனால ஸ்டைல் செருப்பெல்லாம் வேணாம், ஷூ போட்டுக்கங்க. தண்ணி பாட்டில் வாங்கவே வாங்காதீங்க, தெருவுக்குத் தெரு நசோனின்னு இரும்புக் குழாய் ஓடிட்டே இருக்கும், குழாய் வாய விரலால அடைச்சா மேல இருக்குற சின்ன ஓட்டை வழியா பீச்சி அடிக்கும், குனிஞ்சு வாய் படாம குடிக்கலாம், நமக்குப் பழக்கம்தானே!

மதியத்துக்கு பீட்சா அல் தாலியோ. எவ்ளோ வேணும்னு கையால காட்டுனா வெட்டி எடை போட்டு தருவாங்க. சைவம்னா கேட்டு வாங்குங்க, சுப்ளின்னு நம்ம போண்டா மாதிரி ஒரு சோத்து உருண்டை, உள்ள கறி இருக்கலாம். பளிச்சுனு பச்சையா, மலை மாதிரி குவிச்சு வச்ச பிஸ்தா ஜெலாட்டோவா (அதான் இத்தாலி ஐஸ்க்ரீம்)? தாண்டிப் போயிருங்க, நல்லது மங்கலாத்தான் இருக்கும்.

சாயங்காலம் பொன்தே சிஸ்தோ பாலத்தக் கடந்து த்ராஸ்தேவெரேங்கிற ஏரியாவுக்குப் போங்க. நைட் சாப்பாடு எட்டு மணிக்கு மேலதான் களகட்டும்.