வீட்டுத் தோட்டத்தில் விதை எடுப்பது எப்படி?

செடியில் வரும் நல்ல காய்களையெல்லாம் குழம்புக்குப் பறித்துவிட்டு, கடைசியில் மூலையில் தொங்கும் சூம்பலை 'விதைக்கு இருக்கட்டும்' என்று விடுவதுதான் பல வீடுகளில் வழக்கம். அப்படி விட்டால் அடுத்த பட்டத்திலும், அதாவது அடுத்த விதைப்புப் பருவத்திலும், சூம்பல்தான் கிடைக்கும். விதைக்கு முதல் தரக் காயை விட மனசு வர வேண்டும். மற்றதெல்லாம் சுலபம்.

செடியைத் தேர்ந்தெடுப்பது

முதலில் நாட்டு ரகமா என்று பாருங்கள். விதைப் பாக்கெட்டில் 'எஃப்1' அல்லது 'ஹைப்ரிட்' என்று இருந்தால் அது இரண்டு ரகங்களைக் கலந்து எடுத்த விதை; அந்தச் செடியின் விதையும் முளைக்கத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி காய்க்கும். மணப்பாறைக் கத்தரி, வேலூர் முள் கத்தரி, ராமநாதபுரம் முண்டு மிளகாய் போன்ற ரகங்களில் இந்தத் தொல்லை இல்லை.

நோயில்லாமல் நன்றாகக் காய்த்த செடியில் இரண்டு காய்களுக்குச் சிவப்பு நூல் கட்டிவிடுங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லியும் வையுங்கள். இல்லையென்றால் அது சாம்பாரில் போய்விடும். வெண்டையில் மஞ்சள் தேமல் நோய் வெள்ளை ஈயால் பரவுவது. சுற்றியிருப்பவை எல்லாம் மஞ்சளடித்தும் ஒன்று மட்டும் பச்சையாக நின்றால் அதையே விதைக்கு விடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குத் தக்காளி, அவரை, காராமணி மூன்றும் நல்லது. இவை பெரும்பாலும் தன் பூவிலேயே மகரந்தம் சேர்த்துக்கொள்ளும். கத்தரி, மிளகாய், வெண்டையில் தேனீ கலப்பு உண்டு. அதனால் ஒரு பட்டத்தில் ஒரு ரகம் மட்டும் வைப்பது நல்லது.

பறிக்கும் பக்குவம்

தக்காளியும் மிளகாயும் செடியிலேயே நன்றாகப் பழுத்தால் போதும். கத்தரி மஞ்சளாகி, தொட்டால் மெத்தென்று ஆக வேண்டும். அவரை, காராமணி நெற்றுகள் காய்ந்து, ஆட்டினால் உள்ளே கலகலக்க வேண்டும். வெண்டையை வரிவரியாக வெடிக்கத் தொடங்கும்போதே எடுத்துவிடுங்கள். அடைமழைக் காலமென்றால் முற்றிய நெற்றுகளைக் கொத்தாகப் பறித்து வீட்டுக்குள் தொங்கவிடுங்கள். நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், சில நேரம் நெற்றுக்குள்ளேயே முளைத்தும்விடும்.

தக்காளிக்குப் புளிக்கவைப்பு

தக்காளி விதையைச் சுற்றி வழவழவென்று ஒரு கூழ் இருக்கும். பழத்துக்குள் விதை முளைக்காமல் தடுப்பது அதுதான். அதைப் போக்கவே புளிக்க வைக்கிறோம். பழத்தைக் குறுக்கே வெட்டி, விதையைக் கூழோடு ஒரு டம்ளரில் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மெல்லிய துணியால் மூடி நிழலில் வையுங்கள். நம் ஊர் வெக்கைக்கு ஒன்றிரண்டு நாள் போதும். மலைப் பகுதியில் மூன்று நாள் ஆகலாம். மேலே வெள்ளையாக ஆடை படியும், நாற்றமும் வரும். பயப்பட வேண்டாம். ஒரு விதையை விரலிடுக்கில் தேய்த்துப் பாருங்கள். வழுக்கினால் இன்னும் ஆகவில்லை. சொரசொரப்பு தட்டினால் சரி. அதற்கு மேல் விட்டால் டம்ளரிலேயே முளைவிடும்.

இப்போது நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். நல்ல விதை அடியில் தங்கும், பொக்கு மிதக்கும். மேல் தண்ணீரை வடித்து, தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசி, எவர்சில்வர் தட்டில் பரப்புங்கள். செய்தித்தாளில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும்.

கத்தரிக்கு இவ்வளவு வேலை இல்லை. பழத்தை நறுக்கித் தண்ணீரில் பிசைந்தாலே விதை பிரியும். மிளகாயைக் காயவைத்து உதிர்த்துக்கொள்ளலாம். உதிர்த்த கையைக் கண்ணில் வைக்காதீர்கள்.

கொடி வகைகள்

இங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும். நீளச் சுரையும் குடுவைச் சுரையும் பக்கத்தில் இருந்தால் பூச்சிகள் மகரந்தத்தைக் கலந்துவிடும். அடியில் பிஞ்சு இருப்பது பெண் பூ, வெறும் காம்பு மட்டும் இருப்பது ஆண் பூ. மலரப்போகும் மொட்டுகள் இரண்டிலும் நுனியை நூலால் கட்டிவிடுங்கள். சுரை சாயங்காலம் மலரும், ஆகவே மதியமே கட்டிவிட வேண்டும். பரங்கி விடியற்காலையில் மலரும், அதற்கு முந்தின நாள் மாலை. மலரும் நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவி, பெண் பூவை மறுபடி கட்டி, காம்பில் அடையாள நூல் போடுங்கள். அக்கம்பக்கத்திலும் ஒரே ரகம்தான் என்றால் இந்த வேலையே வேண்டாம்.

காயவைப்பதும் சேமிப்பதும்

ஓரிரு நாள் நிழலில் உலர்த்தி, அப்புறம் இளங்காலை வெயிலும் மாலை வெயிலும் காட்டுங்கள். பன்னிரண்டு முதல் மூன்று மணி வரை வேண்டாம். அவரை விதையில் நகம் பதியக் கூடாது. சுரை விதை வளைத்தால் ஒடிய வேண்டும்.

முன்பு பரங்கி, சுரை விதைகளைச் சாணத்தில் பதித்து வறட்டியாகச் சுவரில் தட்டி வைப்பார்கள். சலித்த அடுப்புச் சாம்பல், காய்ந்த வேப்பிலை, வசம்புத் தூள் எல்லாமே பூச்சி அண்டாமல் காப்பவை. சாம்பலுக்கு எங்கே போவது என்றால், வறுத்து ஆறிய அரிசியை ஒரு சின்னத் துணியில் முடிந்து, விதைப் பொட்டலங்களோடு கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடுங்கள். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பொட்டலத்தில் ரகமும் மாதமும் எழுத மறக்காதீர்கள். கத்தரி விதையையும் மிளகாய் விதையையும் பார்வையில் பிரிப்பது கஷ்டம்.

வெங்காய விதை ஒரு வருடத்துக்கு மேல் தாங்குவது சிரமம். தக்காளி நன்கு உலர்ந்திருந்தால் மூன்று நான்கு வருடம் வரும்.

ஆடிப்பட்டத்துக்குப் பத்து நாள் முன்பே பத்து விதையை ஈரத்துணியில் சுற்றிப் பாருங்கள். ஏழு எட்டு முளைத்தால் வழக்கம்போல விதைக்கலாம். ஐந்துதான் என்றால் நெருக்கமாகப் போட்டு, பிறகு அதிகப்படியான நாற்றுகளைப் பிடுங்கிக் கலைத்துவிடுங்கள். மிளகாயும் கத்தரியும் மெதுவாகத்தான் முளைக்கும், நாலாம் நாளே துணியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.