எடுத்தவர் பெயரையும் போடுங்கள்

கறுப்பினப் பெண் ஒருவர் எடுத்த புகைப்படம் பிடித்துப்போய்ப் பகிர்கிறீர்களா, சரி, படத்தில் இருப்பவரின் பெயரோடு நிறுத்திவிடாமல் எடுத்தவரின் பெயரையும் முதல் வரியிலேயே எழுதுங்கள், அப்போதுதான் பார்ப்பவர் அவரைத் தேடிப் போவார். கறுப்பினப் புகைப்படக் கலைஞரான மிங் ஸ்மித்தின் படங்களை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1970களிலேயே வாங்கிவிட்டது. அங்கே அவருக்கென்று தனிக் கண்காட்சி நடந்ததோ 2023இல்தான்!

அப்புறம், படமெடுக்க ஆள் தேடும் பத்திரிகைக்காரர்களே, "யாரும் கிடைக்கவில்லை" என்ற சாக்கெல்லாம் இனி எடுபடாது. பாலி இருங்கு 2020இல் தொடங்கிய பிளாக் விமன் ஃபோட்டோகிராஃபர்ஸ் அமைப்பிடம் பல நாடுகளில் இருக்கும் கறுப்பினப் பெண் புகைப்படக் கலைஞர்களின் பட்டியலே இருக்கிறது. அதில் தேடுங்கள், ஒழுங்காகச் சம்பளம் பேசிக் கூப்பிடுங்கள். "காசு இல்லை, ஆனால் பேர் கிடைக்கும்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.