புழுக்கம் இல்லாத வெயில்: பாலை நகரத்தின் இளவேனில் வாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலைவன நகரங்களில் இளவேனில் நடுவே இப்படி ஒரு வாரம் வரும். வானத்தில் பெயருக்குக்கூட மேகம் இருக்காது. விடியற்காலையில் 16 டிகிரி, மதியம் 36 டிகிரி. காற்றின் ஈரப்பதம் 10 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். காலையில் மேலே ஒரு சட்டை கூடுதலாகப் போட்டுக்கொண்டு கிளம்பியவர், மதியம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பார். ஆனாலும் யாரும் பெரிதாக அலுத்துக்கொள்வதில்லை. "புழுக்கமே இல்லையே, இந்த வெயில் என்ன செய்யும்?" என்பார்கள். இந்த வாரத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் தொடங்குகின்றன.

புழுக்கம் என்று நாம் சொல்வது வியர்வை காயாமல் உடம்பில் நிற்பதைத்தான். ஈரக் காற்றில் வியர்வை வழிகிறது, சட்டை நனைகிறது, எரிச்சல் வருகிறது. அந்த எரிச்சல் ஒருவகையில் நல்லது. போதும், நிழலுக்குப் போ என்று அது சொல்லிவிடுகிறது. வறண்ட காற்றில் வியர்வை தோலுக்கு வந்த உடனே ஆவியாகிவிடும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் உடம்பிலிருந்து ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும், அதனால்தான் நிழலில் அவ்வளவு சுகமாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு லிட்டர் போனது நமக்குத் தெரிவதே இல்லை. வெயிலில் உழைப்பவருக்கு ஒரு மணி நேரத்திலேயே அவ்வளவு போய்விடலாம். கறுப்புச் சட்டை போட்டிருந்தால் மாலையில் முதுகுப் பக்கம் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடுகள் தெரியும். எவ்வளவு போயிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

ஆகவே முதல் தவறு, வியர்வையைப் பார்த்து வெயிலை அளப்பது. சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி. அடர்ந்து போயிருந்தாலோ, பல மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவே தோன்றவில்லை என்றாலோ, உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது.

தாகம் எடுக்கட்டும் என்று காத்திருப்பதும், எடுத்த பிறகு ஒரே மூச்சில் ஒரு பாட்டிலைக் காலி செய்வதும் அடுத்த தவறுகள். வெயிலில் வேலை செய்யும்போது 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை, அதாவது சுமார் 240 மில்லி, போதும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போக வேண்டாம். வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் அளவின்றிக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று வரும். பார்ப்பதற்கு நீர் வறட்சி போலவே இருப்பதால் இன்னும் தண்ணீர் கொடுத்துவிடுவார்கள், அது நிலைமையை மோசமாக்கும். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறவருக்குச் சாப்பாட்டிலிருந்தே உப்பு கிடைத்துவிடும். சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு நாள் முழுக்க வெளியே அலைபவருக்குத்தான் இந்த ஆபத்து. ஓ.ஆர்.எஸ் பொட்டலம் வைத்திருந்தால் நல்லது. அதன் மேல் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். சீக்கிரம் வேலை செய்யட்டும் என்று ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பது தவறு. உப்பு அளவுக்கு மீறிப் போகும்.

ஜூலையில் தாங்கிய உடம்பு இப்போது இல்லை

எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நான் நினைப்பது இதைத்தான், பலரும் யோசிக்காததும் இதுதான். முழுக்கோடையில் வரும் 36 டிகிரியும் இளவேனிலில் வரும் 36 டிகிரியும் உடம்புக்கு ஒன்றல்ல. வெயிலுக்குப் பழக உடம்புக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் தேவை. அந்த நாட்களில் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது, வியர்வை முன்கூட்டியே சுரக்கத் தொடங்குகிறது, அதில் உப்பு குறைகிறது, அதே வேலைக்கு இதயம் மெதுவாகத் துடிக்கிறது. குளிர்காலம் முடிந்து வரும் முதல் வெப்ப வாரத்தில் இவை எதுவும் நடந்திருக்காது. போன வருடம் இதைவிடக் கொடுமையான வெயிலில் ஓடியவன் நான் என்று சொல்வதில் பயனில்லை, அந்தப் பழக்கம் குளிர்காலத்தில் கரைந்துவிட்டது.

அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான நியோஷ், வெயில் வேலைக்குப் புதிதாக வருபவருக்கு முதல் நாள் வழக்கமான வெயில் நேரத்தில் 20 விழுக்காடு மட்டும் கொடுக்கச் சொல்கிறது. பிறகு நாளுக்கு 20 விழுக்காடு கூட்டலாம். ஏற்கெனவே அனுபவம் உள்ளவர் என்றால் முதல் நாள் 50 விழுக்காடு. காலையில் ஓடுபவர், தோட்ட வேலை செய்பவர், கூரை மேல் ஏறி ஏதாவது பழுது பார்ப்பவர் எல்லாருக்குமே இந்தக் கணக்கு பொருந்தும். நாள் முழுக்க ஏ.சி.யில் இருந்துவிட்டு சனிக்கிழமை மட்டும் மலையேறப் போகிறவருக்கு அந்த வாரத்தில் எந்தப் பழக்கமும் ஏற்பட்டிருக்காது. கூட வேலை செய்யும் புதியவர் ஒருவர் இருந்தால் அவரைக் கவனித்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்று சொல்லக் கூச்சப்படுபவர் அவராகத்தான் இருப்பார்.

செல்போன் காட்டும் எண்

வானிலைச் செய்தியில் வரும் வெப்பநிலை நிழலில், தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குள் வைத்த கருவியில் அளந்தது. நேர் வெயிலில் நிற்பவருக்கு அதைவிட 8 டிகிரி வரை கூடுதலாக உறைக்கலாம். இன்னொரு சிக்கல், 'உணரும் வெப்பம்' என்று கீழே வரும் இரண்டாவது எண். ஈரம் குறைவாக இருப்பதால் பாலை நகரங்களில் அது உண்மையான வெப்பநிலையைவிடக் குறைவாகவே வரும். 38 டிகிரி அடிக்கும்போது 35 என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அந்தக் கணக்கு நீங்கள் நிழலில் இருப்பதாகவும், வியர்க்கும் அளவுக்கு உடம்பில் தண்ணீர் இருப்பதாகவும் வைத்துக்கொண்டு போட்டது.

உச்சிப் பொழுது தாண்டிவிட்டது, இனி குறையும் என்று இரண்டு மணிக்கு வெளியே போவதும் இதே வகைத் தவறு. பாலை நகரங்களில் வெப்பம் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலும் மாலை 3 மணிக்கும் 5 மணிக்கும் நடுவேதான். தரையும் சுவரும் சூடேறி, அந்தச் சூடு காற்றுக்கு வந்து சேர நேரமாகும்.

வெயிலின் சூடு வேறு, தோலைச் சுடும் புற ஊதாக் கதிர் வேறு. புற ஊதாக் கதிரின் அளவை முக்கியமாகத் தீர்மானிப்பது சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது. ஏப்ரல் 20 அன்று நண்பகலில் சூரியன் நிற்கும் உயரமும் ஆகஸ்ட் 22 அன்று நிற்கும் உயரமும் ஏறக்குறைய ஒன்றே. இதமான காற்று வீசுகிறதே என்று தொப்பி இல்லாமல் போனால், ஆகஸ்ட் மாத வெயிலில் போனதற்குச் சமமாகத்தான் தோல் பழுக்கும்.

வீட்டுக்குள்

பகலில் காற்று வரட்டும் என்று சன்னல்களைத் திறந்து வைப்பார்கள். வெளியே 36, உள்ளே 27 என்றால் உள்ளே வருவது அனல்தான். வறண்ட காற்றில் ஒரு பெரிய வசதி உண்டு. மேகமும் ஈரமும் இல்லாததால் தரையின் சூடு இரவில் வேகமாக வானுக்குப் போய்விடுகிறது, பகலுக்கும் இரவுக்கும் 15 முதல் 20 டிகிரி வித்தியாசம் வருகிறது. அந்த விடியற்காலைக் குளிர்ச்சியைப் பிடித்து வைக்க வேண்டும். நான்கு மணியிலிருந்து ஏழு மணி வரை எதிரெதிர் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். எட்டு மணிக்குள் மூடி, மேற்குப் பக்கத் திரைகளை இழுத்து விடுங்கள். வெயில் கண்ணாடியில் படும் முன்பே, வெளிப்பக்கத்தில் மறைத்தால் இன்னும் நல்லது.

ஏர் கூலர் இந்தக் காற்றில் பிரமாதமாக வேலை செய்யும். 35 டிகிரி, 10 விழுக்காடு ஈரம் என்றால் நல்ல நிலையில் உள்ள கூலர் 20 டிகிரிக்குப் பக்கத்தில் காற்றைத் தரும். ஆனால் ஏ.சி. மாதிரி நினைத்துக்கொண்டு எல்லாக் கதவையும் அடைத்துவிடுகிறார்கள். கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. அந்த ஈரம் வெளியேற வழியில்லை என்றால் அறை புழுங்கும், கூலரும் குளிர்விப்பதை நிறுத்திவிடும். கூலருக்கு எதிர்ப்பக்கம் ஒரு சன்னல் சிறிது திறந்திருக்க வேண்டும். அப்புறம், குளிர்காலம் முழுக்கக் கிடந்த கூலரின் பட்டைகளையும் தொட்டியையும் கழுவாமல் ஓட்டக் கூடாது.

மின்விசிறியை எப்போது நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அறைக்குள்ளேயே 40 டிகிரி தாண்டிவிட்டால் விசிறி உடம்புக்குச் சூட்டைத்தான் கொண்டு வரும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அப்போது தோலை நனைத்துக்கொள்வதும், குளிர்ந்த வேறு இடத்துக்குப் போவதும்தான் வழி.

வெளியே

காரில் குழந்தையையோ நாயையோ ஒரு நிமிடம்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள். வெளியே இதமான 30 டிகிரி இருந்தாலும், மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 40 ஆகும், அரை மணியில் 50-ஐ நெருங்கும். சன்னலை இரண்டு விரல் அளவு இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. குழந்தையின் உடம்பு பெரியவர் உடம்பைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும்.

தார்ச்சாலை காற்றைவிட மிக அதிகமாகக் கொதிக்கும். நாயை அழைத்துப் போகும் முன் புறங்கையைத் தரையில் ஐந்து வினாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

மலைப் பாதைகளில் நடக்கும் தவறு பெரும்பாலும் தண்ணீர்க் கணக்கில்தான். பாட்டில் காலியான பிறகு திரும்புகிறார்கள். பாதி தீர்ந்ததும் திரும்ப வேண்டும். கிராண்ட் கேன்யன் போன்ற பள்ளத்தாக்குகளில் காலைக் குளிர்ச்சியில் சுலபமாக இறங்கிவிடலாம். மேலே ஏற ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் ஆகும், அதுவும் வெயில் ஏறிய பிறகு. அடிவாரமோ விளிம்பைவிட 10 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். ஏரி, ஆறு, கால்வாயில் குதித்துத் தணித்துக்கொள்ளலாம் என்று பலர் போகிறார்கள். காற்று சூடாகிவிட்டாலும் நீர் இன்னும் குளிர்காலத்தில்தான் இருக்கும், பனி உருகி வரும் ஆறு என்றால் கேட்கவே வேண்டாம். திடீர்க் குளிரில் மூச்சு தானாக இழுக்கும், நீச்சல் தெரிந்தவர்கூட அந்த ஒரு நிமிடத்தில் தண்ணீரை உள்ளே இழுத்துவிடக் கூடும். கரையோரமாக, மெதுவாக இறங்குங்கள்.

மழைக்காலத்தில் முளைத்த புல் இந்த வாரத்தில் சருகாகிவிடும். அதன் மேல் காரை நிறுத்தாதீர்கள், அடியில் உள்ள புகைபோக்கிக் குழாயின் சூடே தீப்பிடிக்கப் போதும். புழுதிக்காற்று சாலையை மறைத்தால் விளக்குகளைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போவதுதான் எல்லாரும் செய்வது. அரிசோனா மாநிலத்தின் அறிவுரை வேறு மாதிரி. சாலையை விட்டு முடிந்த அளவு விலகி நிறுத்தி, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடச் சொல்கிறார்கள். எரியும் பின்விளக்கைப் பார்த்து, அங்கேதான் சாலை போகிறது என்று நினைத்து வேறொருவர் பின்னால் வந்து மோதிவிடுவார்.

மயங்கினால்

தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு என்றால் நிழலில் படுக்க வைத்து, தண்ணீரோ ஓ.ஆர்.எஸ்ஸோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பேச்சு குழறினால், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் உளறினால், அது வெப்பத்தாக்கு. உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம், ஓட்டத்திலோ வேலையிலோ விழுந்தவருக்கு வியர்த்துக்கொண்டே இருக்கலாம். ஆம்புலன்ஸை அழைத்த கையோடு குளிர்விக்கத் தொடங்குங்கள். தொட்டி இருந்தால் கழுத்து வரை குளிர்ந்த நீரில் இருக்க வையுங்கள், தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஈரத் துணியை மாற்றி மாற்றிப் போடுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், காய்ச்சல் மாத்திரையும் வேண்டாம். ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றும்வரை ஊற்றுவதை நிறுத்தாதீர்கள்.