ஹீரோவின் சாயலில் வில்லன்: எனக்குப் பன்னிரண்டு பக்கம் செலவு வைத்த தவறு

போன ஞாயிற்றுக்கிழமை காமிக்ஸ் ஸ்கிரிப்ட் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளின் ஒன்பது கதைகளை வீட்டுக்கு எடுத்து வந்து படித்தேன். ஆறு கதைகளில் வில்லன் ஹீரோவின் உடையையே கறுப்புச் சாயத்தில் முக்கிப் போட்டிருந்தான். மூன்றில், கடைசிச் சண்டைக்கு முன்னால் நின்று, "நீயும் நானும் ஒண்ணுதான்" என்றான். கோபித்துக்கொள்ள எனக்கு வாய் இல்லை. என் முதல் கதையில் அந்த வசனம் இரண்டு முறை வந்தது.

பலூனில் வசனத்தைத் திணிப்பது, ஒரு பக்கத்துக்குப் பதினைந்து கட்டம் போடுவது மாதிரியானவற்றை இங்கே எடுக்கவில்லை. ஓவியரிடம் ஒரு முறை திட்டு வாங்கினால் அதெல்லாம் தானாகச் சரியாகிவிடும். ஹீரோவைப் போலவே இருக்கும் வில்லனை எழுதும்போது மட்டும் வருகிற தவறுகள் தனி ரகம்.

உடையை மட்டும் மாற்றிப் போடுவது

இதற்கு எல்லோரும் சாட்சிக்கு இழுப்பது, மின்னல் வேக ஹீரோ ஃப்ளாஷின் எதிரியான ரிவர்ஸ் ஃப்ளாஷை. 1963-ல் 'தி ஃப்ளாஷ்' 139-ஆம் இதழில் ஜான் புரூம் எழுத, கார்மைன் இன்ஃபான்டினோ வரைந்து வந்தவன். ஃப்ளாஷ் சிவப்பு, இவன் மஞ்சள். "அவங்களே அப்படித்தான சார் செஞ்சாங்க?" என்று ஒரு பையன் கேட்டான். செய்தார்கள்தான். ஆனால் மஞ்சள் உடையோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அவன் 25-ஆம் நூற்றாண்டிலிருந்து வருகிறவன். பின்னால் வந்த எழுத்தாளர்கள் அவனை ஃப்ளாஷைத் தெய்வமாகக் கும்பிட்டு, அந்தப் பக்தி புளித்துப்போன ஆளாக வளர்த்தார்கள். அத்தனை வருடம் அவனைத் தாங்கியது அந்தப் புளிப்பு.

ஓவியத்தில் பார்க்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஸ்பைடர்மேனும் அவன் எதிரி வெனமும் ஒரே சக்தி, ஒரே வலை, ஒரே தாவல். ஆனால் 1988-ல் டாட் மெக்ஃபார்லேன் வரைந்த வெனமைப் பாருங்கள். ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கர் ஒல்லி. வெனமாகிற எடி பிராக் எடை தூக்கித் தூக்கி உடம்பை ஏற்றியவன், அந்த உடம்புக்கு மேல் வாய் நிறையப் பல். இரண்டு உருவத்தையும் முழுக்கக் கறுப்பு மையால் நிரப்பினாலும் யார் எவரென்று தெரியும். உங்கள் ஹீரோவையும் வில்லனையும் அப்படி நிரப்பிப் பாருங்கள். தடுமாறினால் ஓவியரோடு மறுபடி உட்கார வேண்டியதுதான்.

இரட்டைப் பிறவி

வேண்டாம். சினிமாவில் இரட்டை வேடம் என்றால் ஒரே நடிகர் இரண்டு ஆளாக மாறுவதைப் பார்க்கக் கூட்டம் வரும். காமிக்ஸில் ஓவியர் ஒரே முகத்தை இரண்டு தடவை வரைவார், அவ்வளவுதான்.

ஒரே காயத்தை இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று நினைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

என் கதையில் ஹீரோ தீயணைப்புப் படைக்காரன். அப்பா ஒரு நூற்பாலைத் தீ விபத்தில் இறந்தவர். வில்லனின் அப்பாவும் அதே ஆலை, அதே தீ. ஒருவன் தீயை அணைக்கப் போகிறான், இன்னொருவன் ஆலைகளுக்குத் தீ வைக்கப் போகிறான். எழுதி முடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு பெருமை. முன்கதையை எதிரெதிர்ப் பக்கங்களில் போட்டேன். இடது பக்கம் ஹீரோ, வலது பக்கம் வில்லன். கட்டத்துக்குக் கட்டம் ஒத்துப்போகும். இடது பக்கம் சாப்பாட்டுத் தூக்கு, வலது பக்கம் அதே சாப்பாட்டுத் தூக்கு. இப்படிப் பன்னிரண்டு பக்கம். ஓவியர் பென்சில் முடித்து மையும் ஏற்றிவிட்டார்.

பன்னிரண்டாவது பக்கத்தைக் கையில் கொடுக்கும்போது அவர் கேட்டார்: "சார், இந்த ஆளுக்குப் பதிலா வேற எவனாவது தீ வெச்சாலும் நம்ம ஹீரோ இதேதான செய்வான்?"

பதில் இல்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். பன்னிரண்டு பக்கத்துக்கும் பணம் கொடுத்தேன். பக்கங்கள் இன்னமும் பீரோவுக்கு மேலே கிடக்கின்றன.

தவறு என்ன? இருவருக்கும் உள்ள ஒற்றுமை எனக்கு அழகாகத் தெரிந்தது. ஆனால் ஹீரோவுக்கு அதனால் ஒரு பைசா நஷ்டமில்லை. வில்லன் தன்னைப் போலவே இருப்பதால் ஹீரோ எதையாவது செய்ய முடியாமல் தவிக்க வேண்டும். அல்லது எதையாவது விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அந்தச் சாயல் வாசலில் போட்ட கோலம் மாதிரிதான். கதை அதைத் தாண்டிக்கொண்டு போய்விடும்.

இதைச் சரியாகச் செய்த ஒரு கதையை அப்புறம்தான் படித்தேன். 1984-ல் பேட்மேன் சிறப்பிதழ் ஒன்றில் ராத் என்று ஒரு வில்லன் வருகிறான். எழுதியவர் மைக் டபிள்யூ. பார், வரைந்தவர் மைக்கேல் கோல்டன். பேட்மேனான புரூஸ் வேனின் பெற்றோர் சுடப்பட்ட அதே இரவில் இவனுடைய பெற்றோரும் சுடப்படுகிறார்கள். ஆனால் அவர்கள் குற்றவாளிகள். சுட்டவர் ஒரு இளம் போலீஸ்காரர், ஜேம்ஸ் கார்டன். வளர்ந்த பிறகு ராத் கார்டனைக் கொல்லத் திரும்பி வருகிறான். நான் செய்ததும் இதேதானே, ஒரே இரவு, ஒரே காயம்? இல்லை. பேட்மேனுக்குத் தன் பெற்றோரைச் சுட்ட ஜோ சில் எப்படியோ, ராத்துக்குக் கார்டன் அப்படி. பேட்மேன் காப்பாற்ற வேண்டியது இன்னொரு பிள்ளையின் பெற்றோரைச் சுட்ட கையை. அந்தக் கைக்காரரோ, பேட்மேன் இந்த ஊரில் நம்புகிற ஒரே போலீஸ்காரர். இந்தக் கதையில் வேறு எவனாவது கார்டனைக் கொல்ல வந்தால் கதையே இல்லை.

வெனமையும் இந்தக் கேள்வியில் வைத்துப் பாருங்கள். எடியை வெனமாக்குவது வேற்றுக்கிரகத்து உயிருள்ள உடை ஒன்று; அது முன்பு பீட்டரின் உடம்பில் ஒட்டிக் கிடந்தது. அதனால் அவனுடைய ஆபத்து உணர்வு வெனமுக்கு மட்டும் மணி அடிக்காது. முகமூடிக்குள் இருப்பது யார், வீடு எங்கே என்று வெனமுக்குத் தெரியும். வீட்டுக்குள் புகுந்து பீட்டரின் மனைவி மேரி ஜேனை மிரட்டிவிட்டும் போகிறான். அப்போது பீட்டர் போட்டுக்கொண்டிருந்தது சாதாரணத் துணியில் தைத்த கறுப்பு உடைதான். அதையும் இனிப் பார்க்க முடியாது என்கிறாள் அவள். 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 300-ஆம் இதழ் முடியும்போது அவன் பழைய சிவப்பு நீலத்துக்குத் திரும்பியிருக்கிறான். எதிரி தன்னைப் போல இருந்ததற்கு ஹீரோ கொடுத்த விலை அந்த உடை.

என் கதையைத் திரும்ப எழுதினேன். வில்லன் எல்லா ஆலைக்கும் தீ வைப்பதில்லை. அவசர வழிக் கதவை வெளியே பூட்டி வைக்கிற ஆலைக்கு மட்டும்தான். தீ வைப்பதற்கு முன்னால் ஆட்களை வெளியேற்றியும் விடுகிறான். இப்போது ஹீரோவின் வேலை, தன் அப்பாவை உள்ளே வைத்துப் பூட்டிய முதலாளியின் கட்டடத்தைக் காப்பாற்றுவது. குழாயைப் பிடித்துக்கொண்டு அவன் ஒரு நொடி நிற்கிறான். அந்த நொடி எனக்குப் பழைய கதையில் கிடைக்கவே இல்லை. முன்கதை பன்னிரண்டு பக்கத்திலிருந்து ஒரே கட்டமாகச் சுருங்கியது: வெளிப்பக்கம் தொங்கும் ஒரு பூட்டு, கதவின் மேல் பெயின்ட் கொப்பளித்திருக்கிறது. ஓவியர் அதற்கு ஒரு பக்கக் கூலிதான் வாங்கினார்.

முதல் பக்கத்திலேயே வில்லனின் சோகக்கதை

எக்ஸ்மென் அணியின் எதிரி மேக்னீட்டோ 1963-ல் 'எக்ஸ்மென்' முதல் இதழிலேயே வந்துவிட்டார். நாஜி வதை முகாமில் வளர்ந்தவர் என்பதை கிறிஸ் கிளேர்மான்ட் சொன்னது 1981-ல், 150-ஆம் இதழில். இடையில் பதினெட்டு வருடம். சொன்ன இடத்தைக் கவனியுங்கள். சண்டையில் எக்ஸ்மென் அணியின் கிட்டி பிரைடை அடித்து வீழ்த்திவிட்டு, அது சிறுமி என்று உறைத்து, அவளை ஏந்திக்கொண்டிருக்கிறார். அப்போதுதான் வாய் திறக்கிறார். அதற்கு முன்னால் சொல்லியிருந்தால் அது வெறும் தகவல்.

நீங்கள் பதினெட்டு வருடம் காத்திருக்க வேண்டாம். இருபது பக்கமாவது பொறுங்கள்.

"நீயும் நானும் ஒண்ணுதான்"

இந்த வசனத்தை அடித்துவிடுங்கள். வாசகருக்குக் கண் இருக்கிறது.

பிரிந்த இடத்தைக் காட்டாமல் விடுவது

இரண்டு பேரும் ஒரே வழியில் வந்தவர்கள் என்றால், எந்தத் திருப்பத்தில் பிரிந்தார்கள்? "விதி" என்று ஒரு மாணவி எழுதியிருந்தார். விதியை வரைய முடியாதம்மா.

வில்லன் டாக்டர் டூமும், 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' அணியின் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸும் ஒரே கல்லூரியில் படித்த இரண்டு மேதைகள். டூம் கட்டிக்கொண்டிருக்கிற இயந்திரத்தின் குறிப்புகளை ரீட் பார்த்துவிட்டு, கணக்கில் பிழை இருக்கிறது என்கிறார். வெளியே போ என்கிறான் டூம். இயந்திரம் வெடிக்கிறது, முகம் போகிறது. 1964-ல் ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் இதை இரண்டொரு பக்கத்தில் முடித்துவிட்டார்கள். தப்பு என்று ஒருவன் சுட்டிக்காட்டும்போது என்ன செய்வாய் என்பதுதான் அங்கே கேள்வி. அறிவில் இரண்டு பேருக்கும் குறைச்சல் இல்லை. (என் ஓவியர் கேள்வி கேட்ட அன்று நான் டூமாக ஆகியிருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். ஆகாததற்கு நல்ல குணம் காரணமில்லை, கையில் மேற்கொண்டு காசு இல்லை.)

ஹீரோவுக்குள்ளேயே வில்லன் இருக்கும்போது இன்னொருவனைக் கொண்டுவருவது

நம் ஊரில் 1972-லிருந்து முத்து காமிக்ஸ் வழியாக வந்த இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ல் பிரிட்டனில் தொடங்கியபோது மாயாவியான லூயிஸ் கிராண்டெல் மின்சாரம் பாய்ந்து மாயமானதும் கிளம்பியது குற்றம் செய்யத்தான். உளவாளியானது பிறகு. அந்த மனிதருக்கு எதிரே இன்னொரு இரும்புக்கையை நிறுத்தினால் கூட்டம்தான் சேரும்.

சம பலச் சண்டை

ஒரே சக்தி உள்ள இரண்டு பேர் மோதினால் யார் ஜெயிப்பது? ஒன்பது கதையில் ஏழில் ஹீரோ கடைசியில் "முழு பலத்தையும் திரட்டி" ஜெயித்தான். இத்தனை நேரம் எதற்கு மிச்சம் வைத்திருந்தான் என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன்.

வெனமின் வலை அந்த உடையின் சொந்த உடம்பிலிருந்து வருகிறது. பீட்டரின் வலை, அவனே கலந்து குப்பியில் அடைத்துக் கையில் மாட்டிக்கொள்வது. பாதித் தாவலில் அது தீர்ந்துபோவது அவனுக்குப் பழகிய தொல்லை. வெனமுக்கு அந்தப் பழக்கம் இல்லை. அவனைத் தூண்டித் தூண்டி வலை வீச வைத்துக்கொண்டே பீட்டர் ஓடுகிறான். கடைசி வீச்சில் வலை வரவில்லை. எடி பிராக் விழுகிறான்.