குடும்பத்துக்கு மியூசிக் ஆப் எடுக்கிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் மியூசிக் ஆப்பைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ஒரே ஆள்தான். யார் பணம் கட்டுகிறாரோ, யாருக்கு ஃபோனில் கைப்பழக்கம் அதிகமோ, அவர். தன் காதுக்குப் பிடித்ததை, தன் ஃபோனுக்கு ஒத்துவருவதை வாங்கிவிடுவார். மற்றவர்கள் அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் வீட்டில் அந்த ஆள் நான். இரண்டு முறை சேவை மாறினோம். அதில் அப்பா வருடக்கணக்கில் சேர்த்த பிளேலிஸ்டில் பாதி காணாமல் போனது. அதற்குப் பிறகுதான் எங்கெல்லாம் தவறினேன் என்று பார்க்க ஆரம்பித்தேன். நீங்களும் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்று எழுதுகிறேன்.

ஒரே கணக்கை வீடு முழுக்கப் பயன்படுத்துவது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். தனிநபர் சந்தா எடுத்து, பாஸ்வேர்டை எல்லோருக்கும் கொடுத்துவிடுகிறோம். உடனே தெரியும் தொல்லை ஒன்று உண்டு: தனிநபர் திட்டத்தில் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் பாட்டு ஓடும். நீங்கள் பேருந்தில் கேட்டுக்கொண்டிருக்கும்போது வீட்டில் அம்மா ஒரு பாட்டைப் போட்டால் உங்கள் காதில் சத்தம் நின்றுவிடும்.

மெதுவாகத் தெரிகிற தொல்லை இதைவிட மோசம். நீங்கள் எதை முழுதாகக் கேட்கிறீர்கள், எதைப் பாதியில் தள்ளிவிடுகிறீர்கள், எதைத் திரும்பத் திரும்பப் போடுகிறீர்கள் என்பதையெல்லாம் வைத்துத்தான் இந்தச் சேவைகள் அடுத்த பாட்டைப் பரிந்துரைக்கின்றன. ஒரு கணக்கு என்றால் அவற்றுக்கு ஒரு மனிதர். உங்கள் வீட்டில் நான்கு பேர் இருப்பது அவற்றுக்குத் தெரியாது. தாலாட்டும், ராக் இசையும், ஐம்பது வருடத்துக்கு முந்தைய மெல்லிசையும் ஒரே ஆள் கேட்பதாக எண்ணிக்கொண்டு, யாருக்கும் பிடிக்காத ஒரு கலவையை எல்லோருக்கும் பரிமாறும். எங்கள் வீட்டில் குழந்தையைத் தூங்கவைக்க ஒரே பாட்டு தினமும் இரவு ஒரு மணி நேரம் ஓடியது. சில வாரங்களில் என் பரிந்துரைப் பட்டியல் முழுக்கக் குழந்தைப் பாடல்கள். அதைவிட வருத்தம், அப்பா தன் பக்கத்தில் புதிதாக எதையும் கண்டெடுக்க முடியாமல், தெரிந்த பத்துப் பாட்டையே கேட்டுக்கொண்டிருந்தார். அது பல மாதம் என் கண்ணில் படவே இல்லை.

சரி, குடும்பத் திட்டம் எடுத்து ஆளுக்கொரு கணக்கு கொடுத்தால் தீர்ந்ததா? முக்கால்வாசி தீரும். மிச்சம் கூடத்தில் இருக்கும் ஸ்பீக்கரில் இருக்கிறது. அதை முதலில் இணைத்தவரின் கணக்கில்தான் அது வாசிக்கும். யார் கேட்டாலும் வரலாறு அவர் பெயரில் ஏறும். கூகுள், அமேசான், ஆப்பிள் ஸ்பீக்கர்கள் குரலை வைத்து ஆளை அடையாளம் காணும் வசதியைத் தருகின்றன. ஆப்பிளின் ஹோம்பாடில் ஆறு பேர் வரை பதியலாம். ஆனால் ஒவ்வொருவரும் உட்கார்ந்து தம் குரலைப் பதிந்தால்தான் அது வேலை செய்யும். ஒரு சாயங்காலம் ஒதுக்கி அதைச் செய்துவிடுங்கள்.

எதிர்பாராமல் வேறொருவர் உங்கள் ஃபோனில் பாட்டுப் போட்டால் அதற்கும் வழி உண்டு. ஸ்பாட்டிஃபையில் தனிப்பட்ட அமர்வு (Private Session) என்ற ஒன்று இருக்கிறது; அதை இயக்கிவிட்டால் அப்போது கேட்பது உங்கள் பரிந்துரைகளில் பெரிதாகக் கலக்காது. குறிப்பிட்ட பிளேலிஸ்ட் ஒன்றை மட்டும் உங்கள் ரசனைக் கணக்கிலிருந்து விலக்கவும் முடியும். தாலாட்டுப் பட்டியலுக்கு அது மிகப் பொருத்தம். ஆப்பிள் மியூசிக்கில் கேட்ட வரலாற்றைப் பயன்படுத்தும் அமைப்பை அணைக்கலாம். யூடியூப் மியூசிக்கில் வரலாற்றை நிறுத்தி வைக்கலாம்.

'குடும்பம்' என்றால் யார் என்று படிக்காமல் சேருவது

நமக்குக் குடும்பம் என்றால் வெளியூரில் படிக்கும் மகளும், வேறு நாட்டில் இருக்கும் தம்பியும் சேர்த்திதான். சேவைகளின் அகராதி வேறு. ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் மியூசிக், யூடியூப் மூன்றிலுமே குடும்பத் திட்டத்தில் மொத்தம் ஆறு பேர் வரை சேரலாம். ஆனால் ஸ்பாட்டிஃபையும் யூடியூபும் எல்லோரும் ஒரே முகவரியில் வசிக்க வேண்டும் என்கின்றன. அதைச் சரிபார்க்கவும் செய்கின்றன. ஆப்பிளில் எல்லோருடைய கணக்கும் ஒரே நாட்டில் பதிவாகியிருக்க வேண்டும். ஆக, தூரத்தில் இருப்பவரை நம்பி ஆறு பேர் கணக்குப் போட்டுப் பணம் கட்டினால், கடைசியில் அதில் இருவரோ மூவரோதான் மிஞ்சுவார்கள். ஒரே வீட்டில் இருவர் மட்டும் என்றால் ஸ்பாட்டிஃபையில் இருவருக்கான திட்டமே பல நாடுகளில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் பெரியதை எடுப்பவர்கள் நிறைய.

பலர் பணம் கட்டிய பிறகே கண்டுபிடிக்கும் விதி ஒன்று உண்டு. ஒரு குடும்பக் குழுவிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதை இந்த மூன்று நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறைதான் அனுமதிக்கின்றன. அண்ணன் திட்டத்தில் சும்மா சேர்ந்து பார்ப்போம் என்று நுழைந்தவர், பிறகு மனைவியின் திட்டத்துக்கு வர முடியாமல் பன்னிரண்டு மாதம் காத்திருக்க நேரிடலாம். மேலும், ஆப்பிளிலும் கூகுளிலும் குடும்பக் குழு என்பது பாட்டுக்கு மட்டுமான ஏற்பாடு இல்லை. ஆப்பிளில் வாங்குதலைப் பகிரும் வசதியை இயக்கினால், குழுவில் யார் எந்த ஆப் வாங்கினாலும் பணம் குழுவை அமைத்தவரின் கார்டிலிருந்து போகலாம். பிள்ளைகளைச் சேர்க்கும் முன் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாடல்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குவது

'10 கோடிப் பாடல்கள்' என்று ஆப்பிள் 2022-இலேயே அறிவித்துவிட்டது. மற்ற பெரிய சேவைகளும் அந்த அளவில்தான் இருக்கின்றன. ஒரு பாட்டு 3 நிமிடம் என்று வைத்தாலும், 10 கோடியைக் கேட்டு முடிக்க 500 வருடத்துக்கு மேல் ஆகும். அந்த எண் உங்களுக்கு எதையும் சொல்லாது. உங்கள் வீட்டார் கேட்கும் அந்த இருநூறு முந்நூறு பாட்டு அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அதற்கு ஒரு சோதனை. வீட்டில் ஒவ்வொருவரிடமும் பத்துப் பாட்டின் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லோருக்கும் தெரிந்த ஹிட் பாட்டு வேண்டாம். அவர்களுக்கே உரிய பாட்டு. பிறகு ட்ரயல் காலத்தில் ஒவ்வொன்றையும் தேடிப் பாருங்கள். பெயர் அகப்பட்டால் மட்டும் போதாது, போட்டுக் கேளுங்கள். அசல் பதிவுக்குப் பதில் வேறு யாரோ பாடிய மறுபதிவோ, வாத்தியத்தில் மட்டும் வாசித்ததோ அதே பெயரில் இருக்கும். பழைய பாட்டுகளில் இது சர்வ சாதாரணம்.

தமிழில் கேட்பவர்களுக்கு இன்னொன்றும் இருக்கிறது. பாட்டின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் பெரும்பாலும் பதிவாகியிருக்கும். 'ழ' எழுத்தை ஒருவர் ஒரு மாதிரி எழுதியிருப்பார், இன்னொருவர் வேறு மாதிரி. நெடில் ஓசைக்கு ஒரு எழுத்தா, இரண்டா என்பதற்கு விதியே கிடையாது. அதனால் தமிழ் எழுத்தில் தட்டினால் என்ன வருகிறது, பாட்டின் முதல் வரியை வாயால் சொன்னால் என்ன வருகிறது என்று இரண்டையும் பாருங்கள். இந்த இடத்தில்தான் சேவைக்குச் சேவை வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

வயதானவர் கையில் கொடுத்துப் பார்க்காமல் முடிவெடுப்பது

என் கருத்தில், குடும்பத்துக்கு எது நல்ல சேவை என்று சொல்லும் உரிமை வீட்டிலேயே தொழில்நுட்பத்தோடு அதிகம் மல்லுக்கட்டுபவருக்குத்தான். ஆப்பை அப்பா கையிலோ பாட்டி கையிலோ கொடுங்கள். பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் கை நீட்டாதீர்கள். ஒரு பாட்டைத் தேடிப் போட்டு, நிறுத்தி, நேற்றுக் கேட்டதைத் திரும்ப எடுக்க முடிகிறதா? திரையில் திடீரென்று எழும் அறிவிப்பை மூடத் தெரிகிறதா? எழுத்தைப் பெரிதாக்கினால் பொத்தான்கள் மறைந்துபோகின்றனவா? என் அப்பாவுக்குக் கடைசியில் பயன்பட்டது மிக எளிய ஏற்பாடு: நான்கே பிளேலிஸ்ட், ஒவ்வொன்றுக்கும் அவரே வைத்த பெயர், அவற்றை ஃபோனின் முகப்புத் திரையிலேயே வைத்துக் கொடுத்தேன்.

குழந்தைகள் விஷயத்தில் வடிகட்டியை மட்டும் நம்புவது

ஸ்பாட்டிஃபையில் குடும்பத் திட்டத்தை நிர்வகிப்பவர் மற்ற உறுப்பினர்களுக்கு ஆபாச வரிகள் கொண்ட பாடல்களைத் தடுக்கலாம். குழந்தைகளுக்கென்று தனி ஆப்பும் பல நாடுகளில் அத்திட்டத்தோடு வருகிறது. ஆப்பிளில் ஸ்கிரீன் டைம் அமைப்பு வழியாக அதே தடையைப் போடலாம். இவற்றைக் கண்டிப்பாகப் போட்டுவிடுங்கள். ஆனால் ஒரு பாட்டுக்கு 'ஆபாசம்' என்ற முத்திரை விழுவது, அதை வெளியிடுபவர் கொடுக்கும் தகவலைப் பொறுத்தது. முத்திரை குத்தாமல் வெளியான பாட்டை வடிகட்டி தடுக்காது. அதோடு, பாட்டு மட்டும்தான் இருக்கிறது என்று நாம் நினைக்கும் ஆப்பில் இப்போது பாட்காஸ்டும் வீடியோவும் கூடவே இருக்கின்றன. அவ்வப்போது குழந்தையோடு சேர்ந்து கேட்பதற்கு ஈடான அமைப்பு எந்த ஆப்பிலும் இல்லை.

ஒலித்தரம், டேட்டா, டவுன்லோட்

லாஸ்லெஸ் இசைக்காக (அசல் பதிவின் ஒலித்தரம் குறையாமல் வருவது) கூடுதலாகப் பணம் கட்டும் முன் உங்களிடம் இருக்கும் ஹெட்ஃபோனைப் பாருங்கள். ஆப்பிள் 2021-இலும், ஸ்பாட்டிஃபை பல நாடுகளில் 2025-இலும் அதைத் தம் சந்தாவிலேயே சேர்த்துவிட்டன. ஆனால் சாதாரண ப்ளூடூத் ஹெட்ஃபோன் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும். லாஸ்லெஸ் அங்கேயே போய்விடும். வயர் இணைப்போ நல்ல ஸ்பீக்கரோ இருந்தால்தான் அதனால் பயன்.

டேட்டா கணக்கு மட்டும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 320 கிலோபிட் தரத்தில் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 144 எம்பி. 96 கிலோபிட் என்றால் 43 எம்பி. மொபைல் டேட்டாவுக்குக் குறைந்த தரம், வைஃபைக்கு உயர்ந்த தரம் என்று எல்லோர் ஃபோனிலும் பிரித்து வைத்துவிட்டால் போதும்.

டவுன்லோட் செய்த பாட்டு நம்முடையது என்று நினைப்பதும் தவறுதான். சந்தா நின்றால் அதுவும் நிற்கும். ஸ்பாட்டிஃபையிலும் யூடியூப் மியூசிக்கிலும் 30 நாளைக்கு ஒரு முறையாவது இணையத்தோடு இணைய வேண்டும், இல்லாவிட்டால் டவுன்லோட்கள் ஓடாது. இணையம் இல்லாத இடத்துக்கு நீண்ட பயணம் போகிறவர்கள் கிளம்பும் முன் ஆப்பை ஒருமுறை திறந்துவிட்டுப் போங்கள்.

பணம் கட்டும் வழி

ஆப்பை ஃபோனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. எந்த வழியாகச் சேர்ந்தீர்களோ, அந்த வழியாகத்தான் வெளியே வர வேண்டும். யூடியூப் பிரீமியத்தை ஐபோன் ஆப்புக்குள் வாங்கினால் பல நாடுகளில் அதன் இணையதளத்தில் வாங்குவதைவிட விலை கூடுதல். ட்ரயல் ஆரம்பித்த அன்றே, அது முடிவதற்கு இரண்டு நாள் முன்பாக ஃபோனில் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.

ஒருநாள் மாற வேண்டிவரும் என்று நினைக்காமல் இருப்பது

ஆர்டியோ (Rdio) என்ற மியூசிக் சேவை 2015-இல் மூடப்பட்டது. மைக்ரோசாஃப்டின் க்ரூவ் மியூசிக் சந்தா 2017 முடிவோடு நின்றது. கூகுள் ப்ளே மியூசிக் 2020-இல் போனது. பெரிய நிறுவனம் என்பதற்காகச் சேவை நிலைத்திருக்கும் என்று சொல்ல முடியாது.

பிளேலிஸ்ட்களை ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற சவுண்டீஸ், ட்யூன் மை மியூசிக் போன்ற கருவிகள் இருக்கின்றன. நான் அப்பாவின் பிளேலிஸ்டை அப்படித்தான் மாற்றினேன். 'முடிந்தது' என்று திரையில் வந்ததும் பழைய சந்தாவை நிறுத்திவிட்டேன். அங்கேதான் தவறு. பாதிப் பாட்டு பொருந்தவில்லை, பெயர்களின் எழுத்து வேறாக இருந்தது. விடுபட்ட பாட்டுகளின் பட்டியலை நான் பார்க்கவே இல்லை. பழைய கணக்கை ஒரு மாதமாவது திறந்துவைத்து, இரண்டையும் வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மூடுங்கள். கேட்ட வரலாறு பிளேலிஸ்டோடு சேர்ந்து வராது, அதனால் புதிய இடத்தில் பரிந்துரைகள் தேற சில வாரம் ஆகும் என்பதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்தச் சேவையிலும் கிடைக்காத பதிவுகளும் பல வீடுகளில் இருக்கும்: கேசட்டிலிருந்து மாற்றியவை, வீட்டில் யாரோ பாடியவை. யூடியூப் மியூசிக் ஒரு லட்சம் பாட்டு வரை நாமே ஏற்ற அனுமதிக்கிறது. ஏற்றியவரைத் தவிர வேறு யாருக்கும் அவை தெரியாது. நல்ல வசதிதான். ஆனால் கூகுள் ப்ளே மியூசிக் மூடியபோது, அதில் ஏற்றியவற்றை உரிய காலத்துக்குள் வேறிடத்துக்கு மாற்றாதவர்களின் கோப்புகள் 2021 பிப்ரவரியில் நிரந்தரமாக அழிக்கப்பட்டன. எனவே ஏற்றுவதற்கு முன் மூலக் கோப்புகளை ஒரு ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லிவையுங்கள்.