மெலனோமா கட்டிக்குள் டி-வெக் ஊசி போடும் முறை

டி-வெக், மெலனோமா என்னும் தோல் புற்றுநோய்க்கான உயிருள்ள வைரஸ் மருந்து. உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸின் இரண்டு மரபணுக்களை நீக்கி, நோய் எதிர்ப்புச் செல்களை வரவழைக்கும் ஜிஎம்-சிஎஸ்எஃப் மரபணுவைச் சேர்த்தது. 2015இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அறுவை சிகிச்சைக்குப் பின் மீண்டும் வந்து, வெட்டியெடுக்க முடியாமல் தோலிலோ தோலடியிலோ நிணநீர்க் கணுவிலோ இருக்கும் மெலனோமாவுக்குத்தான் இது. நுரையீரல், கல்லீரலுக்குப் பரவியதை இது கரைக்கும் என்று நம்பவேண்டாம்.

கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கும் போடக்கூடாது. அப்படிப்பட்ட செவிலியர் மருந்தைத் தயாரிக்கவும் கூடாது.

குப்பியை மைனஸ் 70 டிகிரிக்குக் கீழே வைத்திருந்து, போடும் நேரத்தில் அறை வெப்பத்தில் உருகவிடுங்கள். ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். மெல்லச் சுழற்றலாம், குலுக்கக்கூடாது. உருகியதைத் திரும்ப உறைய வைக்கவும் கூடாது.

முதல் தவணைக்கு மில்லிக்கு 10 லட்சம் அலகு வீரியம். இந்த வைரஸையே பார்த்திராத உடல் பழகிக்கொள்ளத்தான் இந்தக் குறைந்த அளவு. மூன்று வாரம் கழித்து மில்லிக்கு 10 கோடி, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. எல்லாக் கட்டிகளுக்கும் சேர்த்து ஒரு தவணையில் 4 மில்லியைத் தாண்டக்கூடாது. 5 செ.மீ.க்கு மேற்பட்ட கட்டிக்கு 4 மில்லி வரை, 2.5 முதல் 5 வரை 2 மில்லி, 1.5 முதல் 2.5 வரை 1 மில்லி, அரை முதல் 1.5 வரை அரை மில்லி, அதற்கும் சிறியதற்கு 0.1 மில்லி. முதல்முறை பெரிய கட்டியில் தொடங்குங்கள். அடுத்தடுத்த முறை, புதிதாக முளைத்தவை முதலில்.

மரத்துப்போகும் மருந்தைக் கட்டியைச் சுற்றித்தான் போடவேண்டும், உள்ளே அல்ல. 22 முதல் 26 கேஜ் ஊசியை ஒரே துளையில் நுழைத்து, முழுவதும் வெளியே எடுக்காமல் பின்னிழுத்துத் திசை மாற்றி, விசிறிபோல் நாலாபக்கமும் செலுத்துங்கள். ஊசி எட்டாத பெரிய கட்டிக்கு மட்டும் இன்னொரு துளை. வெடுக்கென்று உருவினால் மருந்து துளை வழியே கசிந்துவிடும்; மெதுவாக எடுத்து, 30 விநாடியாவது பஞ்சுத்துணியால் அழுத்துங்கள். ஆல்கஹாலால் துடைத்து, கையுறையை மாற்றி, காற்றுப் புகாத கட்டுப் போடுங்கள். ஒரு வாரமாவது மூடியே இருக்கவேண்டும். வீட்டில் கட்டு மாற்றுபவரும் கையுறை போடவேண்டும்.

குளிர், காய்ச்சல், அசதி வழக்கமாக வருபவை. வைரஸ் வேறிடத்தில் பரவினால் அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்துக்குக் கேட்கும்; அதனாலேயே முன்னெச்சரிக்கையாக அதைக் கொடுத்து வைக்கக்கூடாது, சிகிச்சையே வீணாகிவிடும்.

பலன் தெரியுமுன் கட்டி பெரிதாவதும் புதிய கட்டி முளைப்பதும் உண்டு. பலரும் அவசரப்பட்டு நிறுத்துவது இங்கேதான். வேறு சிகிச்சை உடனே தேவைப்பட்டாலோ ஊசி போடக் கட்டியே இல்லாமல் போனாலோ ஒழிய, ஆறு மாதமாவது தொடருங்கள்.